ஆறு நிமிஷ நடை

பொங்கலுக்கு வல்லத்திராக்கோட்டை போனால் மாமாவிடம் தப்ப முடியாது. "என்ன மாப்ள, ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து தொப்பை முன்னால வருது, நீ பின்னால வர்றே!" என்பார். இந்தத் தடவை கட்டிலில் சாய்ந்தபடி லேசாகச் சிரித்ததோடு சரி. குடலில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு மாசம்.

"எப்படி மாமா இருக்கு?"

"முடியல மாப்ள."

இந்த 'முடியல'யால் வீடே இரண்டு கட்சி. அத்தை, 'படுத்திருக்கட்டும்' கட்சி. பக்கத்து வீட்டுக்காரர், 'எல்லாம் சோம்பல்' கட்சி. இரண்டுமே டெபாசிட் இழக்க வேண்டியவை. கீமோவில் ரத்தம் குறையும். சில மருந்துகள் இதயத்தையும் பாதிக்கும். படுத்தே கிடந்தால் தசை கரையும். எவ்வளவு முடியவில்லை என்று அளந்தால்தான் எவ்வளவு முடியும் என்பது தெரியும்.

அளக்கலாம். முகமூடி மாட்டி, சைக்கிள் மிதிக்கவிட்டு, உடம்பு நிமிஷத்துக்கு எத்தனை ஆக்ஸிஜன் செலவழிக்கிறது என்று பார்ப்பது பணக்கார வழி. மாமாவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது ஏழை வழி. 30 மீட்டர் தூரம், இரண்டு முனையிலும் அடையாளம், கையில் கடிகாரம். ஆறு நிமிஷம் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நெஞ்சு வலித்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும், 'களைப்புக்கு எத்தனை மார்க்?' என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்பார்கள். மாமா எட்டு நடை, 240 மீட்டர். களைப்புக்கு ஏழு மார்க்.

அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? 2025ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப் பேருக்கு மூன்று வருஷம் ஆள் வைத்து உடற்பயிற்சி. மீதிப் பேருக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டாம் வருஷக் கணக்கில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு, மற்றவர்களில் 83. அந்த ஏழு பேரும் யாரோ ஒருத்தருக்கு மாமா.

இந்தச் சீமைக்கு இது பழைய வழக்கு. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் முளைத்ததுதான் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அன்றைக்கு 'பிழைப்பாரா?' என்பதே கேள்வி. இன்றைக்குப் பிழைத்தவரிடம் 'எத்தனை மீட்டர்?' என்று கேட்கிறோம். இதைவிட நல்ல கேள்வி மாறுதல் வேறென்ன வேண்டும்?

டாக்டர் சொன்ன அளவில் மாமா தினமும் தெருவில் நடந்தார். சித்திரையில் மறுபடி அளந்தார்கள். பதினொரு நடை, 330 மீட்டர்! அத்தை கட்சி மாறிவிட்டாள்.

போன வாரம் போயிருந்தேன். வாசலிலேயே நின்றிருந்தார், கையில் கடிகாரத்தோடு. "வா மாப்ள, நீ எத்தனை மீட்டருன்னு பாத்துருவோம்!"

எனக்குச் சட்டென்று புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.