பெரிய சாலை வரை வந்த பைபர், லயத்து வாசலுக்கு எப்போது?

பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பி இரண்டு, மூன்று கிலோமீட்டர் போனால் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். செம்பனை மட்டைகளும் மேட்டு நிலமும் அலையைத் தடுக்கின்றன. மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாகத் தடுக்கும். ஆகவே, கோபுரத்தை மட்டும் நம்பியிருந்தால் தோட்டத்து இணையப் பிரச்சினை தீராது. கம்பி உள்ளே வரவேண்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. சபாவில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்ததை நாடே பேசியது. தோட்டத்து வீடுகளில் ஒரே கைப்பேசிக்கு அண்ணனும் தங்கையும் முறை வைத்துக் காத்திருந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

அந்த ஆண்டுதான் அரசாங்கம் ஜென்டெலா திட்டத்தை அறிவித்தது. 2022 இறுதிக்குள் 75 லட்சம் வளாகங்களுக்கு பைபர் என்பது முதல் கட்ட இலக்கு. அது எட்டப்பட்டது. ஆனால் இந்தக் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். கம்பி வாசலருகே போனாலே அந்த வீடு கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளே இணைப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வாசலருகேகூட வராத லயங்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

பழைய செம்புக் கம்பியில், தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலே வேகம் படுத்துவிடும். பைபர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை தாங்கும். இடி மின்னல் கண்ணாடி இழை வழியே வீட்டுக்குள் வராது. செம்பைத் திருடி பழைய இரும்புக் கடையில் போடுவது போல இதைப் போட்டுக் காசு பார்க்கவும் முடியாது!

விலைதான் தடையா? 2023இல் அறிமுகமான ஒற்றுமைத் தொகுப்பில் 30 எம்பிபிஎஸ் வேக இணைப்பு, தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 69 ரிங்கிட். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் அது சிறிய தொகையல்ல. ஆனாலும் வீட்டில் மூன்று கைப்பேசிக்குத் தனித்தனியாக டாப்-அப் போடுகிறவர்கள் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்று பல்கலைக்கழக விண்ணப்பம், உதவித் தொகைப் பதிவு, சேம நிதிக் கணக்கு எல்லாமே இணையத்தில்தான். இதற்காக ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டணத்துக்குப் போகும் பெற்றோருக்கு அந்த நாள் சம்பளமும் சேர்த்துத்தான் செலவு.

உண்மையான தடை நிலம். தோட்டத்துப் பாதை தனியார் சொத்து. கம்பம் நடவும் குழி தோண்டவும் நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். தோட்டத்து வீடுகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446 சட்டம், தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக வைத்தது. அன்று இணையம் யாருக்கும் தெரியாது. இன்று அந்தப் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லி நாம் குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை. தேர்தல் நேரத்தில் தார்ச் சாலை கேட்கிறோம், கோயிலுக்கு மானியம் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு அருகில் பைபர் மையம் அமைத்து, சுற்றியுள்ள வீடுகளுக்கும் இணைப்புக் கொடுப்பது ஜென்டெலாவின் ஒரு பகுதி. தோட்டத்துக்குள் தமிழ்ப்பள்ளி இருந்தால் லயத்துக்கும் கம்பி கேட்க அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அதற்கான பணமும் இருக்கிறது: தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டைப் பொதுச்சேவை நிதிக்குக் கட்டுகின்றன.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யக்கூடியது இது. ஜென்டெலா வரைபடத்தில் பள்ளி முகவரியைப் போட்டு பைபர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீடுகளின் எண்ணிக்கையோடு மலேசிய தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே வாங்கி இணைத்தால், ‘தனியார் நிலம்’ என்று சொல்லி மனுவைத் திருப்பி அனுப்புவது கடினம்.