"லாஸ்ட் ஓவர் மட்டும் போட்டுக்கட்டுமே சார்?"

போன வாரம் ஓபி-ல ஒரு 17 வயசு தம்பி. ராயபுரம் பக்கம். வேகப்பந்து, வலது கை. எப்பவும் முதல் ஓவர் இவன்தான் போடுவான். ரெண்டு மாசமா இடுப்புக்கு மேல, இடது பக்கம் வலி. பந்து போட்டா வலிக்குது, ரெண்டு நாள் சும்மா இருந்தா குறையுது.

டீம்ல ஒரு முடிவு எடுத்துட்டாங்க. "ஓப்பனிங் வேணாம், இனிமே நீ லாஸ்ட் ஓவர்தான்."

கேட்கும்போது நல்ல யோசனை மாதிரிதான் இருக்கு மக்களே. பந்து குறையுது, பளுவும் குறையும்தானே?

குறையாது.

வேகமா ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போல பல மடங்கு விசை கால் வழியா ஏறி கீழ்முதுகுக்குப் போகுது. அதே நொடியில முதுகு பின்னால வளைஞ்சு, ஒரு பக்கம் சாய்ஞ்சு, திரும்புது. வலது கை பவுலருக்கு இந்த அடி பெரும்பாலும் முதுகெலும்போட இடது பக்கத்துல விழும். அங்க எலும்புல மெல்லிய விரிசல் வரும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். வளர்ற வயசுல எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படாததால ஆபத்து அதிகம். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா வரலாம், எம்ஆர்ஐ-ல தான் தெரியும். இவனுக்கும் அப்படித்தான்.

கடைசி ஓவர்னா என்ன? ஒரு மணி நேரம் பவுண்டரில நின்னு உடம்பு ஆறிப்போன அப்புறம், திடீர்னு முழு வேகத்துல 6 யார்க்கர். அமெரிக்கால பேஸ்பால்ல கடைசில வந்து மேட்ச்சை முடிக்கிற 'க்ளோசர்' தனி இடத்துல பந்து போட்டு உடம்பை சூடேத்திட்டுத்தான் உள்ள வருவார். நம்ம கிரவுண்டுல அதுக்கு எங்க இடம்?

அதுக்காக இந்த மாற்றமே தப்புன்னு நான் சொல்லல. கேவலமும் இல்ல.

ஜான் ஸ்மோல்ட்ஸ்னு அட்லாண்டா பிரேவ்ஸ் வீரர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிட்சர். 1996-ல 24 வெற்றி. முழங்கை ஆபரேஷனால 2000 சீசன் முழுக்க உட்கார்ந்தார். திரும்பி வந்து க்ளோசர் ஆனார். 2002-ல மட்டும் 55 ஆட்டங்களைக் காப்பாத்திக் கொடுத்தார். 2005-ல மறுபடியும் தொடக்க பிட்சர்!

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம சென்னை பாலாஜி. 2004 ராவல்பிண்டி டெஸ்ட்ல 7 விக்கெட். அப்புறம் முதுகெலும்பு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். நீண்ட காலம் ஆட முடியல. ஆக்‌ஷனை மாத்தினார், வேகத்தைக் குறைச்சு ஸ்லோ பால் கத்துக்கிட்டார். 2008 மே 10, சேப்பாக்கம்: ஐபிஎல்லோட முதல் ஹாட்ரிக். 2012 டி20 உலகக் கோப்பைல தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவர்ல 14 ரன் தேவை. 2 சிக்ஸ் போச்சு, ஆனா 2 பேரை போல்ட் ஆக்கி 1 ரன்ல முடிச்சார். (செமிக்குப் போகல, அந்த வயித்தெரிச்சல் தனி.)

ரெண்டு பேர் கதையிலயும் வரிசையைப் பாருங்க. முதல்ல எலும்பும் தசைநாரும் ஆறுச்சு. அப்புறம்தான் ரோல் மாறுச்சு. நாம ஆறுறதுக்குப் பதிலா ரோலை மாத்தறோம்.

தம்பியோட அப்பா ஹார்பர்ல கன்டெய்னர் லாரி ஓட்றவர். "சார், ஞாயித்துக்கிழமை ஃபைனல். ஒரே ஓவர், ஆறு பால்தான சார்?"

"அண்ணே, வண்டில பட்டை உடைஞ்சிருக்கு. எண்ணூர் வரைக்கும்தானேன்னு ஃபுல் லோடு ஏத்துவீங்களா?"

சிரிச்சுட்டார். பையன் சிரிக்கல. அவனுக்கு அது ஃபைனல், எனக்குப் புரியுது.

உங்க வீட்டுப் பையன் வேகமா பந்து போடறவனா? பந்து போடும்போதோ, முதுகை பின்னால வளைக்கும்போதோ ஒரு பக்கம் மட்டும் வலி, 2 வாரத்துக்கு மேல இருக்கா? மாத்திரை போட்டு விளையாட விடாதீங்க, எலும்பு மருத்துவர்கிட்ட காட்டுங்க. விரிசல்னு உறுதியானா பல மாசம் பந்து தொடக் கூடாது. ஸ்டான்லி ஜிஎச் பக்கத்துலயேதான் இருக்கு.

இவனை ஞாயித்துக்கிழமை ஸ்கோர் எழுத உட்கார வச்சிருக்காங்களாம். ஃபீல்டிங்கும் கூடாதான்னு நேத்து போன் பண்ணிக் கேட்டான். கூடாதுன்னேன்.