எந்திரம் மாற்றுவோர் முதலில் எண்ண வேண்டியது

தமிழ் பயிலும் மாணவன் மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டியைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், ஈராண்டாக எங்கள் இல்லத்தில் உணவு வேளைதோறும் இதுவே வழக்காக இருந்து வருதலின், என் உள்ளத்துத் தோன்றியதை இங்கே எழுதத் துணிந்தேன்.

பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த எங்கள் சிற்றூரில், பாட்டனார் 1974ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் ஒன்று கொட்டகையில் நிற்கின்றது. எந்திரம் ஓய்ந்துவிட்டது. என் சிறிய தந்தையார் ஜீப்பினின்று கழற்றிய டீசல் எந்திரம் ஒன்றை விலைபேசி வந்துள்ளார். பழைய கியர்ப்பெட்டியையே அதனோடு பொருத்திவிட்டாற் செலவு குறையும் என்பது அவர் கருத்து. பெரியோர் கருத்தை மறுத்தல் எளியேற்குத் தகாது எனினும், இது பிழை என்றே யான் கருதுகின்றேன். எந்திரத்தை முன்னே வாங்கிக் கியர்ப்பெட்டியைப் பின்னே தேடுதல், மணமகளைக் காணாமலே பந்தற்கால் நடுவதை ஒக்கும்.

அம்பாசிடரின் பிறப்பை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை முதலாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதி தொடங்கி 2014 வரை அது செய்யப்பட்டது. பழைய வண்டிகளின் பெட்ரோல் எந்திரம் 1489 கன சென்டிமீட்டர் அளவினது. ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். நான்கு கியர்கள், அவற்றை மாற்றும் கோலோ சுக்கான் சக்கரத்தின் அடியில் நிற்கும். எங்கள் வண்டியில் முதற்கியரை ஓட்டத்தில் இட்டாற் பற்கள் உறுமும். வண்டி நின்ற பின்னரே இடல் வேண்டும். இப்பெட்டி அந்த 50 குதிரைகளுக்கென்றே அமைந்தது. சிறிய தந்தையார் கண்ட எந்திரமோ பெஷோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் உரிமம் பெற்று மகிந்திரா ஜீப்புகளிற் பூட்டப்பட்ட வகை. அளவு 2112 கன சென்டிமீட்டர். குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசையை அது தண்டின்மேற் செலுத்தும். (அம்பாசிடர் என்னும் பெயரையே 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பெஷோ குழுமத்தார் வாங்கினர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில் இப்பொருத்தம் பாட்டனார்க்கு இனித்திருக்கும்.)

"வண்டியைச் செய்தவரே பின்னாளில் நான்கு கியரோடு டீசல் எந்திரம் வைத்து விற்றனரே" எனச் சிறிய தந்தையார் வினவுவர். உண்மையே. ஆனால் அந்த டீசலும் 1489 கன சென்டிமீட்டர் அளவினதே. ஆற்றலிற் பெட்ரோலினும் மெலிந்தது. பெட்டி அதனாற் படாத பாட்டைப் பெரிய எந்திரத்தாற் படும்.

வலிமை ஒருபுறமிருக்க, விகிதம் என்பதொன்று உண்டு. கணக்கின் எளிமைக்காக, பின்னச்சின் விகிதம் 4.5 என்றும், சக்கரம் ஒருமுறை சுழல வண்டி 2 மீட்டர் செல்லும் என்றும் கொள்வோம். நான்காம் கியரில் எந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும். பெட்ரோல் எந்திரத்திற்கு அஃது இயல்பு. பழைய டீசலுக்கோ கூக்குரல். விகிதம் 0.8 ஆகிய ஐந்தாம் கியர் இருப்பின், அதே வேகத்திற்கு 2400 சுழற்சியே போதும். விழுப்புரம் நெடுஞ்சாலையில் இதன் அருமை தெரியும்.

ஆயினும் ஐந்தாம் கியரைப் பற்றியே பேசுவாரிடம் எனக்கு உடன்பாடில்லை. நாம் நாடோறும் செல்வது நெடுஞ்சாலையிலன்று. கரும்பேற்றிய டிராக்டரின் பின்னும், ஊர்தோறும் எழுப்பிய வேகத்தடைகளின் மேலும், வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்தன்றும் லூர்து அன்னை திருவிழாவன்றும் திரளும் மக்களிடையேயும் ஊர்ந்து செல்லுதலே நம் வண்டிகளின் தொழில். எந்திரம் 800 சுழற்சியில் தணிந்து ஓடுங்கால், முதற்கியரின் விகிதம் 4 ஆயின் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர்க்குச் சற்று மேலாக, நடப்பவனோடு நடக்கும். விகிதம் 3 ஆயின் 7 கிலோமீட்டர் ஆகும், கிளச்சை மிதித்து மிதித்தே செல்லல் வேண்டும், தகடு தேயும். நம்மூர்க்கு முதலில் நோக்கற்பாலது அடிக்கியர்; ஐந்தாவது பின்னரே.

"ஆயின் ஜீப்பின் கியர்ப்பெட்டியையே உடன்கொண்டால் என்?" எனலாம். நான்கு சக்கரமும் இயக்கும் ஜீப்பிற்கு, அதன் பின்னே மற்றொரு பெட்டியும் தொங்கும். அம்பாசிடர் அடியில் அதற்கு இடமில்லை. வேறு பெட்டியைப் பூட்டுவதாயின் இடைத்தகடு ஒன்று கடைந்தாக வேண்டும். அத்தகட்டின் நடுவம் மயிரிழை பிறழ்ந்தாலும் உள்தண்டின் தாங்கி சில திங்களிற் சிதையும். கிளச்சுத் தகட்டின் பற்கள் தண்டின் பற்களோடு ஒத்தல் வேண்டும். பின்செல்லும் நெடுந்தண்டினை வெட்டிச் சமன்செய்தல் வேண்டும். இத்தனையும் செய்து முடிக்குங்கால், மிஞ்சியதென்று எண்ணிய செலவு எங்கே நிற்கும்?

ஆதலின் யான் வேண்டுவது வேறொன்று. 1990களில் அம்பாசிடரைச் செய்தவரே ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1800 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எந்திரத்தையும், அதற்குரிய ஐந்து கியர்ப்பெட்டியையும் அதே உடலிற் பொருத்தி விற்றனர். உடைப்புக்கு வந்த அத்தகைய வண்டியொன்றினின்று இரண்டையும் பிரியாமற் கொள்ளலே தக்கது. டீசலைவிட எரிபொருட் செலவு மிகும், மறுக்கவில்லை. கோலும் தரைக்கு வந்துவிடும். முன்னிருக்கை ஒரே பலகையாய் இருந்ததனால், பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் நடுவே யான் அமர்ந்து சென்ற இடம் இனிக் கோலுக்கே உரியதாகும். இஃதொன்றே எனக்கு வருத்தம்.

நிற்க. சட்டமும் நோக்கற்பாலது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி எந்திரம் மாற்றுதல் குற்றம். மேலும், 50 ஆண்டு கடந்து மூலவடிவம் கெடாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியும் விதிகள் 2021இல் வெளிவந்தன. எங்கள் வண்டி 2024இல் அவ்வகவையை எட்டிற்று. எந்திரம் மாறின் அச்சிறப்பு இல்லை. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் இயலாது. கொட்டகையிற் பூசைப்பொருளாக நிற்பதினும், பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அதற்கு அழகு என்பது என் கருத்து. என் தந்தையார் இதற்கு இன்னும் இசைந்திலர்.

சிறிய தந்தையார் முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வருகின்ற சனிக்கிழமை பட்டறைக்கு மீண்டும் செல்வர். உடன்செல்ல இசைவு பெற்றுள்ளேன். நூலொன்றும் அளவுகோலொன்றும் எடுத்து வைத்திருக்கின்றேன்.