கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு விண்டோஸ்தானா?

பழைய லேப்டாப்பை என்ன செய்யலாம் என்று கேட்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், சிறு கடை நடத்துபவருக்கும், பிள்ளையின் படிப்புக்காகக் கணினி தேடும் பெற்றோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "உங்களுக்கு விண்டோஸ்தான் சரி. லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு." கடைக்காரர் இதைச் சொல்கிறார். ஐ.டி. வேலையில் இருக்கும் சொந்தக்காரப் பையனும் இதையே சொல்கிறான்.

இந்தப் பதிலுக்கு இப்போது விலை கூடிவிட்டது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கென அறிவித்த நீட்டிப்பும் தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப்புகள் இதில் தேறாது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கு என்பதுதான் கடைசியில் அந்த அறிவுரையின் பொருள். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"விண்டோஸ்தான் எல்லோருக்கும் பழக்கம்"

எந்த விண்டோஸ்? 2012-ல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு 8.1-ல் அது திரும்பி வந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, அதை இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. விண்டோஸ் 7-ல் கை பழகியவர் ஒவ்வொரு முறையும் தட்டுத்தடுமாறித்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் முகப்பைத் திறந்து பாருங்கள். இடது கீழ் மூலையில் மெனு, அடியில் பட்டை, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவருக்கு விண்டோஸ் 11-ஐவிட இதுதான் பழகிய வீடுபோல் இருக்கும்.

பிரான்ஸின் தேசியக் காவல் படையான ஜாந்தார்மரி செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் எடுத்த எடுப்பில் இயங்குதளத்தை மாற்றவில்லை. முதலில் ஓப்பன் ஆபீஸ், பிறகு ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு. அவை கைக்கு வந்த பிறகு, 2008 முதல் உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு மாறத் தொடங்கினார்கள். அன்றாட மென்பொருள் ஏற்கெனவே பழகியிருந்ததால் அடித்தளம் மாறியது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காவலர்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்லர். பழக்கம் இருப்பது பிரவுசரிலும் கடிதம் அடிக்கும் மென்பொருளிலும்தான் என்பதை அந்தப் படை சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

"கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்"

இருபது ஆண்டுகளுக்கு முன் இது பெருமளவு உண்மை. இப்போது வீடியோ பார்க்க வி.எல்.சி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து, பெயரை அடித்து, 'இன்ஸ்டால்' அழுத்தி, கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. செல்போனில் பிளே ஸ்டோர் பயன்படுத்தும் எவருக்கும் இது புதிதல்ல.

விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் பழகியிருப்பது வேறு வழி. கூகுளில் தேடுகிறார்கள்; முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்குகிறார்கள்; மூன்று 'டவுன்லோடு' பொத்தான்களில் எது உண்மையானது என்று தெரியாமல் ஒன்றை அழுத்துகிறார்கள்; 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' கொடுத்து, கேட்காத இரண்டு மென்பொருள்களையும் சேர்த்து ஏற்றிக்கொள்கிறார்கள். புதியவர் ஏமாறுவது இங்கேதான். சோதித்துத் தொகுத்த ஒரே இடத்திலிருந்து மென்பொருளை எடுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நான் சொல்லவில்லை. வருகிற வாசல்கள் குறைவு.

"நமக்கு வேண்டிய மென்பொருள் அதில் இல்லை"

எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானது இது. சிலருக்கு முழுக்கவும் பொருந்தும். டேலியில் கணக்கு எழுதுபவர், பேஜ்மேக்கரிலும் ஃபோட்டோஷாப்பிலும் வேலை செய்யும் டி.டி.பி. மையக்காரர், விண்டோஸில் மட்டும் ஓடும் டிஜிட்டல் கையொப்ப மென்பொருளை நம்பியிருப்பவர், எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர் ஆகியோர் விண்டோஸிலேயே இருக்கட்டும். அவர்களை மாறச் சொல்வது தவறு.

ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது அவர்களைப் பற்றியல்ல. கணினி தெரியாதவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவருடைய வேலைகளைப் பட்டியல் போடுங்கள். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, மின்கட்டணம், மின்னஞ்சல், யூடியூப், வாட்ஸ்அப் வெப். எல்லாம் பிரவுசருக்குள் முடிந்துவிடுகிறது. கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் மின்ட்டிலேயே வருகிறது. வேர்டு கோப்பையும் திறக்கும். ஜூம் நிறுவனமே லினக்ஸ் பதிப்பைத் தருகிறது. கீபோர்டு அமைப்பில் தமிழ்99 இருக்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருவை நிறுவியதும் படிக்கலாம். வேர்டில் நுணுக்கமாகக் கட்டம் போட்ட படிவம் லிப்ரே ஆபீஸில் சில நேரம் கலைந்து தெரியும், பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புவது நல்லது.

"கெட்டுப்போனால் யாரிடம் போவது?"

தெருமுனைக் கடையில் லினக்ஸ் தெரிந்தவர் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடைக்கு மக்கள் எதற்காகப் போகிறார்கள்? வைரஸ், வேகக் குறைவு, காலாவதியான ஆன்டிவைரஸ், திருட்டு விண்டோஸின் 'ஆக்டிவேஷன்' தொல்லை. பெரும்பாலான நேரம் கிடைக்கும் வைத்தியம், மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி அதே திருட்டுப் பிரதியை ஏற்றுவது. சில நேரம் குடும்பப் புகைப்படங்களும் அதோடு போய்விடுகின்றன.

மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' என்ற வசதி உண்டு. இயங்குதளம் நன்றாக இருந்த நாளின் நிலையைச் சேமித்து வைக்கும். ஒரு அப்டேட் சொதப்பினால் அந்த நாளுக்குத் திரும்பலாம். சொந்தக் கோப்புகளை மட்டும் தனியே ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்ற வாதத்துக்கு நம் பக்கத்து மாநிலமான கேரளமே பதில் சொல்லியிருக்கிறது. தமிழகத்தில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸோடு வந்தது. மாணவர்கள் பலர் அதைத் திறக்கவே இல்லை. பல இடங்களில் திறந்து காட்ட ஆசிரியர் இல்லை. கேரளப் பள்ளிகளிலோ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள், பாடநூலைச் சுதந்திர மென்பொருளைக் கொண்டே எழுதினார்கள், தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். இன்று அங்கே மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்குத் தருகிறது. இரண்டு இடத்திலும் லினக்ஸ்தான். ஓரிடத்தில் அருகில் நின்று சொல்லித்தர ஆள் இருந்தார், இன்னோரிடத்தில் இல்லை. அந்த ஆள் விண்டோஸுக்கும் தேவைதான்.

"நூறு வகை இருக்கிறது, எதைத் தேர்வது?"

புதியவர் நூறையும் பார்க்க வேண்டியதில்லை. நான்கு ஜி.பி. ராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்ட் சின்னமன். அதற்குக் குறைந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2024-ல் வெளியான மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. நண்பர் எவ்வளவு புகழ்ந்தாலும் வேறு எதையும் முதல் கணினியில் போட வேண்டாம்.

இத்தனையும் படித்த பிறகும் என் சொல்லை நம்பி எதையும் அழிக்காதீர்கள். எட்டு ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பாருங்கள். பிரிண்டரைக் கட்டாயம் சோதியுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் தகராறு செய்யும். இவற்றில் உங்களுக்கு இன்றியமையாத ஒன்று வேலை செய்யவில்லையென்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு வேறு வழி பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு நிறுவுங்கள்.

அறிவுரை சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்பவரின் தொழில்நுட்ப அறிவை அளப்பதை விடுங்கள். அவர் கணினியில் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பதிலில் டேலி வந்தால் விண்டோஸ் என்று சொல்லுங்கள். பிரவுசரும் கடிதமும் புகைப்படமும் மட்டும் வந்தால், கையில் இருக்கும் லேப்டாப்பே இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பென்டிரைவை நீங்களே தயார் செய்து கொடுங்கள்.