வல்லவன் வகுத்த வாய்க்கால்

'வல்லவன் வகுத்ததே வாய்க்கால்' என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பழமொழி. நீர் பாய்ச்சும் உழவரிடையே பிறந்த சொல் என்பதை அதன் உருவமே காட்டுகிறது. மடைக்கு அருகில் நிலமுள்ளவன் வலியவனாயின் நீர் அவன் விரும்பிய பக்கம் திரும்பும். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்திருப்பான். இச்சொல்லைக் கடைமடைக்காரன் சொன்னால் அது முறையீடு. வாய்க்காலைத் திருப்பியவனே சொன்னால் அது செருக்கு. அதிகாரம் பற்றிய பழமொழிகளை, 'இது யார் கூற்று?' என்று கேளாமல் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது என் கருத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வாசுதேவநல்லூர், இக்கேள்வியை எழுப்ப ஏற்ற இடம். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளுள் ஒன்று இங்கிருந்தது. ஆர்க்காட்டு நவாபுக்காக வரி தண்ட 1755ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை தெற்கே வந்தது. பூலித்தேவர் வரி கொடுக்க மறுத்தார். நெற்கட்டும்செவலைப் பிடிக்க இயலாமல் ஹெரான் திரும்பினார்.

பின்னர் வந்தவர் யூசுப்கான். இம்மண்ணிலேயே பிறந்து, சிப்பாயாகத் தொடங்கி, கும்பினிப் படையில் தளபதியாக உயர்ந்தவர். 1759இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றார். எனினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் வசமாயின. வல்லவன் வாய்க்காலை வகுத்துவிட்டான் என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

நான்காண்டுகள் நிறைவதற்குள், 1764 அக்டோபர் 15 அன்று, அதே யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாருக்காகக் கோட்டைகளை வென்றாரோ, அந்த நவாபும் கும்பினியுமே அவரைக் கிளர்ச்சியாளர் என்றனர். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கூறி இதனை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால், இந்த யானை தானாகச் சறுக்கவில்லை. பிறருக்காக வாய்க்கால் வெட்டியவரை வல்லவர் என்று போற்றியவர்கள், அவர் தமக்கென ஆளத் தலைப்பட்டதும் பகைவராக்கினர். வெட்டியவர் ஒருவர், வகுத்தவர் வேறொருவர். பழமொழி இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

பூலித்தேவர் 1764இல் திரும்பி வந்து நெற்கட்டும்செவலை மீட்டார். 1767இல் கும்பினிப் படை மீண்டும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டது. அது மண்கோட்டைதான். பீரங்கிக் குண்டுகள் மதிலைப் பிளக்கப் பிளக்க, உள்ளிருந்தோர் களிமண்ணும் வைக்கோலும் இட்டு அடைத்தனர். முடிவில் கோட்டை வீழ்ந்தது. பூலித்தேவர் தப்பிச் சென்றார். அவர் சங்கரன்கோவில் கோயிலில் இறைவனோடு கலந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. அவருடைய முடிவைப் பகைவர் எழுத மக்கள் விடவில்லை என்றே நான் அதனைப் புரிந்துகொள்கிறேன்.

மதிலை அடைத்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுள் உழவர்களும் இருந்திருப்பார்கள். வல்லவனின் வாய்க்காலைப் பற்றிய பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆயினும், உடைந்த வரப்பை அடைக்கும் அதே மண்ணைச் சுமந்துகொண்டு அவர்கள் மதிலேறினார்கள்.