பெரிய காரும் பெரிய மனிதத்தனமும்

நம்மவரிடையே ஒரு புதுவகைப் பெரிய மனிதத்தனம் பரவி வருகிறது. முன்னாளில் பெரிய மனிதர் என்றால் பள்ளிக்கூடத்திற்குக் கூரை போட்டுக் கொடுத்தவர், வழக்கு வம்பு என்று வந்தவனுக்கு வழி சொன்னவர், அல்லது குறைந்தபட்சம் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர் என்று பொருள். இன்றோ எஸ்.யூ.வி. என்னும் மூன்றெழுத்துப் பெயர் கொண்டு, ஆள் உயரத்திற்கு எழும்பி நிற்கும் உயர்ரக மோட்டார் கார் ஒன்றை வாசலில் நிறுத்தியவரே பெரிய மனிதர். அக்காரில் அவருக்கு உரிமை எவ்வளவு, பேங்குக்கு உரிமை எவ்வளவு என்று கேட்பாரில்லை. கேட்பவனுக்குப் பொறாமைக்காரன் என்னும் பட்டம் உடனே கிடைத்துவிடும். அப்பட்டத்தைத் தாராளமாக ஏற்றுக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

தமிழன் கார் ஏறக்கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. லயத்தில் பிறந்தவன் லயத்திலேயே கிடக்க வேண்டும், சைக்கிளுக்கு மேல் ஆசைப்படலாகாது என்று எண்ணிய துரைமார்களும் அவர்களுக்குத் தாளம் போட்ட கிராணிமார்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அக்கூட்டத்தில் நாம் இல்லை. கையில் பணமும் காரியத்திற்குத் தேவையும் உள்ளவர் எக்காரையும் வாங்கட்டும். நமது கண்டனமெல்லாம் அதனை வாங்கும் விதத்தைப் பற்றியதே.

பாசாரில் ஒரு கட்டுக் கீரைக்கு இருபது காசு குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் வாதாடுகிறார் நம்மவர். அவரே மூன்று லட்சம் வெள்ளிக் காரின் முன்னே நின்றதும் வாயடைத்துப் போகிறார். குளிரூட்டிய மண்டபம், கையில் ஒரு கோப்பைக் காப்பி, கழுத்தில் டை கட்டிய வாலிபர் ஒருவர் ‘பாஸ்’ என்று அழைக்கிறார். இவ்வளவு மரியாதை செய்தவரிடம் விலையைக் குறை என்று எப்படிக் கேட்பது? கேட்டால் நம்மைச் சின்ன ஆள் என்று எண்ணிவிடுவாரே! வெயிலில் குந்தியிருக்கும் கீரைக்காரியிடம் காட்டிய வீரம் எல்லாம் இங்கே கௌரவமாக மாறிவிடுகிறது. முடிவில் நம்மவர் வாயிலிருந்து வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மாதம் எவ்வளவு?”

இக்கேள்விக்காகத்தான் அவ்வாலிபர் அத்தனை நேரம் காத்திருந்தார். மாதத் தொகையைக் கேட்டவன் விலையைக் கேட்கமாட்டான் என்பது அவருக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விஷயம். தொகை அதிகம் என்று நாம் முகம் சுளித்தால், அவர் விலையைத் தொடுவதில்லை, ஆண்டைக் கூட்டுகிறார். ஐந்து ஏழாகிறது, ஏழு ஒன்பதாகிறது. தொகை இறங்க இறங்க நம்மவர் முகம் மலர்கிறது. பேரத்தில் தாமே வென்றுவிட்டதாக நினைத்துக் கையெழுத்திடுகிறார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் கார் ஒன்றின் விலை 300,000 வெள்ளி என்றும், பத்தில் ஒரு பங்கு, அதாவது 30,000 வெள்ளி, முன்பணம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிகுதி 270,000 வெள்ளி கடன். நூற்றுக்கு மூன்று வட்டி என்கிறார்கள். நெடுங்காலமாக இந்நாட்டில் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்களில் வட்டி கணக்கிட்டு வந்த முறை யாதெனில், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் வட்டியை முன்கூட்டியே ஏற்றிவிடுவது. அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும், கட்டிய பாதிக்கும் சேர்த்தே வட்டி ஓடும். ஐந்தாண்டுத் தவணையானால் வட்டி 40,500 வெள்ளி, மாதம் 5,175. ஒன்பதாண்டானால் வட்டி 72,900, மாதம் 3,175. மாதம் 2,000 வெள்ளி குறைந்தது என்று மகிழ்கிறவர், வட்டியில் 32,400 வெள்ளி கூடியதைக் காண்பதில்லை. அன்றியும், நூற்றுக்கு மூன்று என்று சொன்னது, குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி என்று நியாயமாகக் கணக்கிட்டால், ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்தரை ஆகிறது.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. ஐந்தாண்டுகள் தவறாமல் கட்டிவிட்டு, மிகுதியை ஒரே தொகையாகத் தீர்த்துவிடலாம் என்று ஒருவர் போகிறார். அதுவரை அவர் கட்டியது 190,500 வெள்ளி. எழுபத்தெட்டின் விதி என்று பெயர் பெற்ற ஒரு கணக்கின்படி அவருக்குத் தள்ளுபடியாகும் வட்டி சுமார் 14,565 வெள்ளிதான். ஆகவே அவர் இன்னும் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 137,835. ஒன்பதில் ஐந்தாண்டுதான் சென்றது; ஆனால் மொத்த வட்டியில் ஐந்தில் நான்கு பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது! வட்டியை முன்னே தின்றுவிட்டு அசலைப் பின்னே வைக்கும் இம்முறையை அகற்றுவதற்கான திருத்த மசோதா 2025-ல் மலேசிய நாடாளுமன்றத்திற்கு வந்தது. வரவேற்கிறோம். எனினும் பழைய முறையில் கையொப்பமான ஒப்பந்தங்கள் ஒன்பதாண்டு ஓடக்கூடியவை. புதிய முறையிலும், ‘மாதம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்பவருக்கு ஆண்டைக் கூட்டிக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது.

நிற்க. கார் வாங்குவது ஒரு வியாபாரம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கே நான்கு வியாபாரம் ஒரே மேசையில் நடக்கிறது. புதிய காரின் விலை ஒன்று, பழைய காரை அவர்களிடமே தள்ளிவிடும் விலை ஒன்று, கடன் ஒன்று, காப்புறுதியும் அலங்காரச் சாமான்களும் மற்றொன்று. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் விற்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது. “உங்கள் பழைய காருக்கு ஐயாயிரம் கூட்டித் தருகிறோம்” என்பார். புதிய காரில் தரவேண்டிய தள்ளுபடியில் அந்த ஐயாயிரம் மறைந்துபோகும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், காலடிக்குக் கம்பளம் எல்லாம் இனாம் என்பார். வட்டியில் கால் சதவிகிதம் குறைத்துக் கேட்டிருந்தால் மேற்சொன்ன கணக்கில் 6,075 வெள்ளி மிஞ்சியிருக்கும். அதைக் கேட்க வாய் வராதவர், இனாம் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்.

மூட்டையை அவிழ்க்க வேண்டும். முதலில் கடன், பழைய கார் என்ற பேச்சையே எடுக்காமல் புதிய காரின் ரொக்க விலையை எழுத்தில் வாங்க வேண்டும். விளம்பரத்தில் காணும் விலை பெரும்பாலும் காப்புறுதி நீங்கலானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே காரை விற்கும் வேறிரண்டு இடங்களுக்கு அத்தாளைக் கொண்டுபோக வேண்டும். பழைய காரை வெளியே எவ்வளவுக்குக் கேட்கிறார்கள் என்று தனியே விசாரிக்க வேண்டும். கடனுக்கு விற்பவர் காட்டும் பேங்கே கதி என்று இராமல், தாமாகவே இரண்டு பேங்குகளை அணுக வேண்டும்; கடன் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகு உண்டு என்பதை மறக்கலாகாது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 சதவிகிதம் வரை கழிவு சேர்ந்திருக்கும். அது காருக்குச் சேர்ந்ததன்று, ஆளுக்குச் சேர்ந்தது. புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ‘மேனேஜரைக் கேட்டு வருகிறேன்’ என்று விற்பவர் உள்ளே போனால், போகட்டும். நாமும் வீட்டிலே கேட்டு வருகிறோம் என்று எழுந்து வரலாம். எழுந்து வருகிறவனிடம்தான் உண்மையான விலை சொல்லப்படுகிறது.

ஆனால் நம்மவரை எழவிடாமல் நாற்காலியோடு கட்டிப்போடுவது ஒன்று உண்டு. அதுதான் நல்ல நாள்! “தைப்பூசத்துக்கு முன்னே கார் வாசலுக்கு வரவேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் சாவி வாங்க வேண்டும்” என்று விற்பவரிடம் இவரே சொல்லிவிடுகிறார். கெடுவைக் கூறிவிட்டவனுக்குப் பேரம் ஏது? அந்நாளில் கையிருப்பில் உள்ள நிறத்தை, சொன்ன விலைக்கு எடுத்தே தீரவேண்டும். ஆண்டுக் கடைசியில், அவ்வாண்டுத் தயாரிப்புகளைக் கழித்துக்கட்டக் கம்பெனிகளே விலையை இறக்கும்போது, ‘மார்கழியில் வாங்கலாகாது’ என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டுத் தை பிறந்ததும் ஓடுகிறார். மேலும் கூட்டுத்தொகை ஒன்பது வரும் எண் பலகைக்காக ஏலத்தில் தனியே பணம். பிறகு நான்கு சக்கரத்திற்கும் நான்கு எலுமிச்சம்பழம். அப்பழம் நசுங்குவதால் காருக்கு என்ன நன்மை என்பதை யாராவது பகுத்தறிந்து கூறினால் இப்பத்திரிகையிலேயே வெளியிடத் தயாராக இருக்கிறோம். எலுமிச்சம்பழக்காரரிடமும் நம்மவர் விலை பேசத்தான் செய்கிறார்!

இவை யாவும் அவரவர் சொந்தப் பணத்தில் நடந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. முன்பணமாகிய அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் தகப்பனாருடைய ஊழியர் சேமநிதியிலிருந்து வருகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியும், எண்ணெய்ப் பனைக் குலை சுமந்தும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த மனிதர், ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த தொகையை மகனிடம் கொடுக்கிறார். 2025-ல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மகனுடைய காருக்கு ஒரு மாதத் தவணை, இரண்டு தொழிலாளர் குடும்பம் ஏறக்குறைய ஒரு மாதம் சாப்பிடும் பணம். தகப்பனார் பணம் தீர்ந்தால் மைத்துனர் ஜாமீன் கையெழுத்திடுகிறார். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, இருபத்தொரு நாள் நோட்டீசு கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டு போகலாம். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் கோர்ட்டு உத்தரவு வேண்டும். எடுத்துப்போன காரை விற்ற தொகை கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்திற்கும் இவரே பொறுப்பு; இவரால் ஆகாவிட்டால் ஜாமீன்தாரர். கார் போன பிறகும் கடன் போவதில்லை. மைத்துனருடைய பெண் கல்லூரிக்குப் போகவேண்டிய ஆண்டில், அவர் ஒருநாளும் ஏறியிராத காருக்கு அவர் பணம் கட்டுகிறார்.

“தொழில் செய்கிறவனுக்குப் பெரிய கார் அவசியம், காரைப் பார்த்துத்தான் கான்டிராக்ட் கொடுக்கிறார்கள்” என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. அங்ஙனம் காரைப் பார்த்து வேலை கொடுக்கும் புத்திசாலிகள் இருக்கட்டும். வருமானம் வந்து கார் வாங்குவது தொழில். கார் வாங்கி வருமானத்தை எதிர்பார்ப்பது சூதாட்டம் என்பது நமது அபிப்பிராயம். வாங்குவதற்குப் பதில் மாத வாடகைக்கு எடுத்தால் தொல்லை இல்லையே என்று வேறு சிலர் கேட்கின்றனர். அங்கும் ஓட்டும் தூரத்திற்கு வரம்பு என்ன, கீறலுக்கு யார் பொறுப்பு, இடையில் திருப்பிக் கொடுத்தால் தண்டம் எவ்வளவு என்று கேட்காமல் எடுத்தால், பெயர் மாறியதே தவிரக் கட்டு அவிழவில்லை.

சிங்கப்பூர் வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 1990 முதல் அங்கே கார் வாங்குகிறவர் காருக்கு முன்னே ஓர் உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது பத்தாண்டுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போயிற்று. அரசாங்கம் கடனுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது: பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்கு அறுபது சதவிகிதமே கடன், அதுவும் ஏழாண்டுக்கு. இருந்தும் மூட்டை வியாபாரம் அங்கும் உண்டு. எங்கள் மூலம் கடன் எடுத்தால்தான் இவ்விலை என்பது சிற்றெழுத்தில் இருக்கும். சான்றிதழ் விலை ஏறினால் மேற்கொண்டு கொடு என்பார்கள். இறங்கினால் எங்களுக்குத் திருப்பித் தருவீர்களா என்று கேட்கும் தமிழர் எத்தனை பேர்?

தவணை என்பதே தீயது என்றும் நாம் கூறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-ல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதந்தோறும் சிறு தொகை கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அப்பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. அதுவும் தவணைதான். அதற்கும் முன்னே, 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரையில், நம் பாட்டன்மார் பலர் கங்காணியிடம் முன்பணக் கடன்பட்டே கப்பலேறினர். கங்காணியின் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாட்டனுக்குப் படிக்கத் தெரியாது. பேரன் பட்டதாரி; ஆங்கிலமும் மலாயும் அறிந்தவன்; அவன் படிக்காமலே கையெழுத்திடுகிறான். இவ்விருவரில் யாரை நோவது?

நமது சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு யோசனை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைக்கும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கணக்குத் தெரிந்த இளைஞர் இருவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் உட்கார வையுங்கள். கார் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்திடுமுன் தாளை அங்கே கொண்டுவரட்டும். ரொக்க விலை எவ்வளவு, மொத்த வட்டி எவ்வளவு, கடைசித் தவணை கட்டும்போது தமக்கு வயது எவ்வளவு என்று மூன்று வரியில் எழுதிக் கொடுத்தால் போதும். வாடகைக் கொள்முதல் சட்டப்படி, ஒப்பந்தத்திற்கு முன்னரே விலை விவரங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கையெழுத்தான பதினான்கு நாளுக்குள் ஒப்பந்தத்தின் நகல் வாங்கியவர் கைக்கு வரவேண்டும். ஏற்கெனவே கார் வாங்கி, நகல் கிடைக்காமல் இருப்பவர்கள் இன்றே பேங்குக்கு எழுதிக் கேட்கலாம். தபாலுக்கு ஆகும் செலவு ஒரு கட்டுக் கீரை விலைகூட இராது.