மணல் நம்மிடம், உலோகம் யாரிடம்?

அருமண் நிரந்தரக் காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ. 7,280 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தி என்பது இலக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்ததும், வாகனத் தொழில் காந்தத் தட்டுப்பாட்டால் தடுமாறியதும்தான் தில்லியை விழிக்கச் செய்தன. முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால், ஆலை அமைத்தால் மட்டும் போதாது.

திருவிதாங்கூர் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பது 1909-லேயே தெரிந்தது. ஆலுவா ஆலை 1952-ல் அதைப் பதப்படுத்தத் தொடங்கியது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் காந்தத்துக்கு அயல்நாட்டை நம்பியிருக்கிறோம் என்றால், குறை மணலில் இல்லை.

அருமண் தனிமங்கள் உடன்பிறந்தோரைப் போன்றவை. வேதிக் குணத்தில் மிக நெருங்கியவை. அவற்றைத் தனித்தனியே பிரிக்க, அமிலக் கரைசலையும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானையும் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் மீண்டும் மீண்டும் கலந்து பிரிக்க வேண்டியுள்ளது. போதாக்குறைக்கு, டிஸ்புரோசியமும் டெர்பியமும் நமது மணலில் எடுக்கத்தக்க அளவில் இல்லை. பழைய காந்தங்களிலும் ஆலைக் கழிவுகளிலும்தான் அவற்றைத் தேட வேண்டும். தேடுவதற்கு முன், எதில் எவ்வளவு உள்ளது என்று துல்லியமாக அளக்க வேண்டும்.

இங்குதான் சர்ஃபாக்டன்ட் எனப்படும் சோப்பு வகை வேதிப்பொருள்கள் உதவுகின்றன. உலோகத்தைப் பற்றும் சேர்மத்துடன் இவற்றைக் கரைத்து இளஞ்சூடாக்கினால், கரைசல் கலங்கி இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. சிறிய அடுக்கில் உலோகம் செறிந்துவிடுவதால், மிகக் குறைந்த அளவையும் நிறமாலைமானியால் அளக்க முடிகிறது. எளிதில் ஆவியாகும் கரைப்பான்களின் தேவையும் குறைகிறது.

சோதனைக் குழாயில் வென்றது ஆலைத் தொட்டியிலும் வெல்லும் என்று சொல்லிவிட முடியாது. நுரையை அடக்க வேண்டும். வேதிப்பொருளை மீட்டு மறுபடி பயன்படுத்த வேண்டும். இதைச் சோதிக்கும் முன்னோடி ஆலைக்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. பாப்பனங்கோட்டில் 1975-ல் தொடங்கப்பட்ட மண்டல ஆய்வுக்கூடம், இன்றைய தேசிய பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம், அருமண் பிரிப்பில் நீண்ட ஆய்வு அனுபவம் கொண்டது. ஆலுவாவும் சவறாவும் அதே மாநிலத்தில்தான் உள்ளன.

மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அணுசக்தித் துறையின் கண்காணிப்பு அவசியம். ஆலப்பாடு மக்களின் போராட்டம் உணர்த்திய கடலரிப்பு அச்சத்தையும் புறந்தள்ள இயலாது. இருக்கும் கழிவிலிருந்தே கூடுதலாக மீட்டால், புதிதாகத் தோண்டும் அவசரமும் குறையும்.

காந்தத்துக்கு ஒதுக்கிய கோடிகளுடன், பிரிப்புக்கும் அளவீட்டுக்கும் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். இல்லையெனில், ஆலை நம்முடையதாகவும் அதன் சாவி அயலாரிடமும் இருக்கும்.